எடையும் நடையும்

கேள்வி: எனக்கு 46 வயது, எடை 60 கிலோ. ஹாங்காங்கில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அம்மாவுக்கு 70 வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு நானும் பரிசோதனை செய்துகொண்டேன். எலும்பு அடர்த்தி குறைவு என்று வந்தது. மருத்துவர் சொன்னபடி மூன்று ஆண்டுகளாக வாரம் நான்கு நாள் ஜிம்மில் எடை தூக்குகிறேன். இப்போது ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) 50 கிலோ, டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) 60 கிலோ. அலுவலகத் தோழிகள் மூவருடன் நவம்பரில் நடக்கும், ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் டிரெயில்வாக்கர் என்ற 100 கிலோமீட்டர் மலைப்பாதை நடைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் 16 வாரம் இருக்கிறது. "ஜிம்மை நிறுத்து, கால் களைத்துப்போகும்" என்கிறார்கள் தோழிகள். "நடந்தால் தசை கரைந்துவிடும், ஒரு நாளைக்கூடக் குறைக்காதே" என்கிறார் பயிற்சியாளர். போன வெள்ளிக்கிழமை ஸ்குவாட் செய்துவிட்டு மறுநாள் 15 கிலோமீட்டர் நடந்தேன். இறங்கும் படிகளில் தொடை நடுங்கியது. இந்தச் சாக்கில் ஐந்து கிலோ இளைக்கவும் எண்ணம். புரட்டாசி சனிக்கிழமைகளில் விரதம் இருப்பேன். அசைவத்தில் முட்டை மட்டும் சாப்பிடுவேன், புரட்டாசியில் அதுவும் இல்லை. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

பதில்: உங்கள் தோழிகள் பாதி சரி, பயிற்சியாளர் பாதி சரி. ஜிம்மை விட வேண்டாம். ஆனால் நான்கு நாளை இரண்டாக்குங்கள். கம்பியில் ஏற்றும் எடையை அப்படியே வைத்துக்கொண்டு, எத்தனை முறை தூக்குகிறீர்கள் என்பதைக் குறையுங்கள். மிச்சமாகும் தெம்பு முழுவதும் நவம்பர் வரை பாதைக்குப் போகட்டும். இளைக்கும் திட்டத்தை மட்டும் இப்போதே கைவிடுங்கள். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தோழிகளுக்குச் சொல்ல வேண்டிய பதில். வேறு யாராவது இதே கேள்வியைக் கேட்டிருந்தால், "நான்கு மாதம்தானே, எடையைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது" என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். நடை இதயத்துக்கு நல்லது, மனதுக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. எலும்பு அடர்த்தியைக் கூட்டுவதில் மட்டும் அதன் பங்கு மிகவும் சிறியது. தினமும் பழகிய சுமையை எலும்பு பொருட்படுத்துவதில்லை. வழக்கத்துக்கு மீறிய பாரம் விழுந்தால்தான் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், நிபுணரின் நேரடிக் கண்காணிப்பில் கனமான எடைப் பயிற்சி. எட்டு மாதங்களில் அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி கூடியிருந்தது. வாரம் இரண்டு முறைதான் என்பதைக் கவனியுங்கள். மாதவிடாய் நிற்கும் பருவம் நெருங்கும்போது எலும்பு இழப்பு வேகமெடுக்கும். அந்த வாசலில் நிற்கும் நீங்கள், மருத்துவர் காரணத்தோடு எழுதிக்கொடுத்த பயிற்சியை ஒரு நடைக்காக நிறுத்தக் கூடாது.

இனி பயிற்சியாளரின் பயம். அது ஆதாரமில்லாத பயமல்ல. 1980இல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வலுப் பயிற்சியையும் தாக்குப்பிடிக்கும் பயிற்சியையும் ஒரே குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார். பத்து வார ஆய்வு. ஏழு வாரம்வரை கால் வலு ஏறிக்கொண்டே போனது. பிறகு நின்றது, கடைசியில் இறங்கவும் செய்தது. எடை மட்டும் தூக்கியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஜிம் பயிற்சியாளர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆனால் அந்தக் குழு வாரம் ஐந்து நாள் எடை தூக்கியது, ஆறு நாள் மூச்சிரைக்கச் சைக்கிள் மிதித்தது, ஓடியது. அந்த அளவுக்குப் பிழிந்தால் எந்த உடம்பும் ஒரு கட்டத்தில் கையை விரித்துவிடும். நிதானமான நடை அந்த வகையைச் சேர்ந்ததல்ல. பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த மோதல் அளவான பயிற்சியில் மிகச் சிறியதாகவே தெரிகிறது. இரண்டையும் உச்சத்தில் வைத்துக்கொள்ள முயன்றால்தான் சிக்கல்.

இன்னொன்றையும் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். வலுவைச் சேர்க்க ஆகும் உழைப்பு வேறு, சேர்த்ததைக் காப்பாற்ற ஆகும் உழைப்பு வேறு. இரண்டாவது வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. எடையின் கனம் குறையாதவரை, வாரம் ஒன்றிரண்டு முறை சில செட்டுகள் (இடையில் நிறுத்தாமல் தூக்கும் ஒரு சுற்று ஒரு செட்) செய்தாலே பல மாதங்கள் வலு நிற்கும். இளைஞர்களுக்கு ஒரு நாள்கூடப் போதும். வயது ஏற ஏறக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அதனால்தான் உங்களுக்கு இரண்டு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "நடைப் பயிற்சி நடக்கிறதே" என்று எடையைப் பாதியாக்கி, இருபது முப்பது முறை தூக்குகிறார்கள். எலும்புக்கும் அதில் வேலையில்லை, வலுவுக்கும் இல்லை. கால் மட்டும் சோர்ந்துபோகிறது. நீங்கள் அதே 50 கிலோவில் ஐந்து முறை வீதம் இரண்டு செட் ஸ்குவாட், அதே 60 கிலோவில் அதே அளவு டெட்லிஃப்ட் செய்துவிட்டுக் கம்பியை வைத்துவிடுங்கள். "இன்னும் ஒரு செட் முடியுமே" என்று தோன்றும்போது நிறுத்துவதுதான் இந்த 16 வாரங்களில் சரியான அளவு. சாதனை எடைகளைத் தையில் பார்த்துக்கொள்ளலாம்.

தொடை நடுங்கியதற்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். முதல் நாள் ஸ்குவாட் ஒரு காரணம், அது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. மற்றொன்று, நீங்கள் ஏறுவதற்குப் பழகியிருக்கிறீர்கள், இறங்குவதற்குப் பழகவில்லை. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது, மாட்டு வண்டி மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டிக்காரர் கயிற்றை இழுத்துப் பிடிப்பதுபோல. மூச்சு வாங்காது, ஆனால் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இப்போதுதான். வலி அன்றைக்குத் தெரியாது, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும்.

நீங்கள் போகப்போவதோ இறக்கங்களுக்குப் பேர்போன இடம். டிரெயில்வாக்கரே 1981இல் ஹாங்காங்கிலிருந்த கூர்க்காப் படையினரின் பயிற்சியாகத் தொடங்கியது. 1986இல்தான் ஆக்ஸ்ஃபாமுடன் சேர்ந்து பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். நால்வர் கொண்ட குழு, 100 கிலோமீட்டர், 48 மணி நேரம் என்பதெல்லாம் சிப்பாய்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. அதன் முதுகெலும்பான மக்லிஹோஸ் என்ற நீண்ட மலைப்பாதையில் கிழக்கிலிருந்து நடந்து வந்தால், 60 கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் நீடில் ஹில் எதிரில் நிற்கும். 532 மீட்டர் உயரம். அதில் ஏறி, செங்குத்தாக இறங்கி, மறுபடி கிராஸி ஹில்லில் ஏறி, அதற்கும் பிறகுதான் ஹாங்காங்கிலேயே உயரமான 957 மீட்டர் தை மோ ஷான். அந்தச் சிகரத்திலிருந்து இறங்கும் கடினமான சாலை முழங்காலுக்கு இரக்கம் காட்டாது. பெரும்பாலான குழுக்கள் இந்தப் பகுதிக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். தொடை நடுங்குவது 15 கிலோமீட்டரில் ஒரு செய்தி. இங்கே அது ஆபத்து.

நல்லவேளையாக இறக்கத்துக்குத் தசையைப் பழக்குவது சுலபம். ஒரு முறை அளவாக வலிக்கவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அவ்வளவாக வலிக்காது. அதற்கு ஹாங்காங்கைவிட வசதியான ஊர் கிடையாது. உங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டில் ஏறுங்கள், படியில் இறங்குங்கள். தவறாக எழுதிவிடவில்லை, எல்லாரும் சொல்வதற்கு நேர்மாறாகத்தான் சொல்கிறேன். முதல் வாரம் பத்து மாடி மட்டும், கைப்பிடியை ஒட்டியபடி, ஓடாமல். இரண்டு நாள் தொடை வலிக்கும். வலி முழுவதும் போன பிறகு பதினைந்து மாடி. மெல்ல மெல்ல நாற்பது ஐம்பதுவரை கொண்டுபோங்கள். புதன்கிழமை மாலை நடைக்குப் போய்விட்டு வீடு திரும்பும் வழியிலேயே இதை முடித்துவிடலாம்.

ஜிம்மில் இதற்கு ஒரு துணைப் பயிற்சி உண்டு. சுமார் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள பலகையின் மேல், கண்ணாடியைப் பார்த்தபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள். மற்றக் காலை முன்னால் காற்றில் நீட்டி, நிற்கும் காலின் முழங்காலை மடக்கியபடியே, நீட்டிய காலின் குதிகால் தரையைத் தொடும்வரை இறங்குங்கள். மனதுக்குள் நான்குவரை எண்ணி முடிக்கும்போதுதான் குதிகால் தரையைத் தொட வேண்டும். தொட்டதும் பாரத்தை அங்கே போடாமல் மேலே வாருங்கள். கண்ணாடியில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: நிற்கும் காலின் முழங்கால் சில்லு இரண்டாவது கால் விரலை நோக்கி இருக்கிறதா, அல்லது கட்டைவிரலையும் தாண்டி உள்பக்கமாகச் சாய்கிறதா? சாய்ந்தால் பிட்டத்தின் பக்கவாட்டுத் தசை தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். பலகையின் உயரத்தைக் குறையுங்கள், ஒரு விரலைச் சுவரில் வைத்துக்கொள்ளுங்கள். காலுக்கு எட்டு முறை வீதம் இரண்டு செட் போதும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். 50 கிலோ ஸ்குவாட் செய்பவர்கள் இதில் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இதோடு கெண்டைக்கால் தசைக்குக் குதிகாலை உயர்த்தும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்காலை நேராக வைத்து ஒரு செட், லேசாக மடக்கி ஒரு செட். மடக்கிச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேட்டில் மணிக்கணக்காக உழைக்கும் உள்தசைக்கு அதுதான் பயிற்சி.

வாரத்தை அமைப்பது இப்படி. சனிக்கிழமை நீண்ட நடை. அதற்கு முந்தைய இரண்டு நாளும் காலுக்குக் கனம் கூடாது என்பதுதான் ஒரே கண்டிப்பான விதி. ஸ்குவாட், டெட்லிஃப்ட், பலகை எல்லாம் செவ்வாய்க்கிழமைக்குப் போகட்டும். வியாழன் இரண்டாவது ஜிம் நாள்: தோள், முதுகு, கை ஆகியவற்றுக்கு வழக்கமான எடை, காலுக்கு, அந்த விதிக்கு ஒரே விலக்காக, ஒரு செட் டெட்லிஃப்ட் மட்டும். இடுப்பெலும்புக்காகத்தான் அந்த ஒன்று. களைப்பாக இருந்தால் அதையும் தள்ளிவிடுங்கள். புதன் ஒரு மணி நேர நடையும் இறங்கு படிகளும். திங்கள், வெள்ளி ஓய்வு. அலுவலகத்தில் மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் வாரத்தில் ஏதாவது ஒன்றைக் கைவிட நேர்ந்தால் புதன்கிழமையை விடுங்கள்; செவ்வாயையும் சனியையும் விடாதீர்கள்.

புரட்டாசியில் இது மாறும். நவம்பர் நடைக்கு உச்சப் பயிற்சி நடக்க வேண்டிய செப்டம்பர் பின்பாதியும் அக்டோபர் முன்பாதியும்தான் புரட்டாசி. வெறும் வயிற்றோடு 30 கிலோமீட்டர் நடப்பதைப் பெருமாளே கேட்கமாட்டார். அந்த வாரங்களில் சனிக்கிழமை விரதமும் ஓய்வும். அன்று மாலை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஞாயிறு விடிகாலையில் நீண்ட நடை. தோழிகள் ஞாயிறுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும், இப்போதே பேசிவிடுங்கள். வாரத்தின் மற்ற நாள்கள் ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

தூரத்தைப் பொறுத்தவரை, 15 கிலோமீட்டரிலிருந்து வாரம் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு நான்காவது வாரமும் பாதியாகக் குறையுங்கள். ஆகஸ்ட் வெயிலும் ஈரக்காற்றும் ஹாங்காங்கில் ஆளை அடித்துவிடும். கடும் வெயில் எச்சரிக்கை வந்த நாளில் தூரக் கணக்கை மறந்து, விடிவதற்குள் முடிவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புரட்டாசி தொடங்கும் முன், சனி நீண்ட நடை, ஞாயிறு அதில் பாதி என்று இரண்டு வார இறுதிகளாவது அடுத்தடுத்து நடந்து பாருங்கள். களைத்த காலோடு நடக்கும் அனுபவம் ஜிம்மில் கிடைக்காது. புரட்டாசி முடிந்த அடுத்த வார இறுதியில் நால்வரும் சேர்ந்து ஒரே மூச்சில் 50 கிலோமீட்டர், அதில் பாதியாவது இரவில். பயிற்சியில் 100 கிலோமீட்டரைத் தொட வேண்டியதே இல்லை. பாதையில் அரை கிலோமீட்டருக்கு ஒன்றாக 200 வரை எண்ணிட்டிருக்கும் தூரக் கம்பங்களை இரவில் டார்ச் வெளிச்சத்தில் தேடிப் பழகுவதும், நால்வரில் யாருக்கு எப்போது சுருக்கென்று கோபம் வரும் என்று தெரிந்துகொள்வதும் அந்த இரவின் பயன்கள். கடைசியாக வருபவரின் வேகம்தான் குழுவின் வேகம். வழியில் கௌலூன் நீர்த்தேக்கப் பக்கம் குரங்குகள் உண்டு. சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் கையோடு எடுத்துப் போகாதீர்கள்.

இளைக்கும் விஷயம். எலும்பு அடர்த்தி ஏற்கெனவே குறைந்தவர், பயிற்சியைக் கூட்டிக்கொண்டே சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு செலவைக் கட்டுப்படுத்தத் தொடங்கும். அப்போது வெட்டு விழும் வேலைகளில் எலும்பைப் புதுப்பிப்பதும் ஒன்று. பாதத்திலும் கணைக்காலிலும் அழுத்த முறிவு (தொடர்ந்து விழும் பாரத்தால் எலும்பில் வரும் மெல்லிய விரிசல்) வர இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே இந்த 16 வாரமும் உடல் எடை ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்டக்கூடிய எலும்பு வலி, நடக்க நடக்கக் கூடும் வலி, இரவில் படுத்த பிறகும் விடாத வலி, தொடையிடுக்கில் வலி, இவற்றில் எது வந்தாலும் நடையை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தசை வலி பரவலாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். வைட்டமின் டி, கால்சியம் இரண்டையும் உங்கள் மருத்துவரிடம் இப்போதே ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருப்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

புரதம் உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 85 முதல் 95 கிராம்வரை வேண்டும். "சாம்பாரில்தான் பருப்பு இருக்கிறதே" என்று நம் வீடுகளில் கணக்குக் காட்டுவார்கள். ஒரு கரண்டி சாம்பாரில் இரண்டு மூன்று கிராம் தேறினால் அதிகம். நீங்கள் இருக்கும் ஊரில் டோஃபு (சோயாப் பன்னீர்) தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. கெட்டியான டோஃபு 200 கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம் உண்டு. மிளகுத்தூள் போட்டு வறுவலாகச் செய்தால் நன்றாக இருக்கும். காலையில் சோயாப் பால், மாலையில் ஒரு பெரிய கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவில் கெட்டிப் பருப்பும் தயிரும் சேர்ந்தால் புரட்டாசியிலும் கணக்கு கிட்டத்தட்ட வந்துவிடும்.

நீண்ட நடையின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழமும் சில பேரீச்சம்பழங்களும் கிட்டத்தட்ட அந்த அளவு. புளியோதரை நல்ல தேர்வு, உப்பும் இருக்கிறது, சீக்கிரம் கெடாது. தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். பயந்துபோய் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம்வரை போகும். நடையின்போது இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் வேண்டாம். உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அவை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

காலணி, காலுறை பற்றி எல்லாரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அரை அளவு பெரியதாக வாங்குங்கள், நடைக்குச் சில நாள் முன்பே நகத்தை வெட்டிவிடுங்கள், சூடாக உணரும் இடத்தில் கொப்புளம் வருவதற்கு முன்பே டேப் ஒட்டுங்கள். இறக்கங்களுக்கு இரண்டு நடைக் கோல்கள் அவசியம். தோள் பயிற்சி அங்கே பயன்படும். கணுக்காலில் மணல் பை கட்டிக்கொண்டு நடக்கும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது நடையின் லயத்தைக் கெடுத்து மூட்டை இழுக்கும். முதுகுப் பையில் அன்றைக்குச் சுமக்கப்போகும் அதே பாரத்தை வைத்துப் பழகினால் போதும்.

நடைக்கு 10 நாள் முன்பு கடைசியாகக் கனமாக ஸ்குவாட் செய்யுங்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை, பாதி எடையில், உடம்பு மறக்காமலிருக்க. இறங்கு படிகளையும் அப்போதே நிறுத்திவிடுங்கள். அந்த நாள்களில் "எல்லாம் போயிற்று, வலுவிழந்துவிட்டேன்" என்று தோன்றும். பயிற்சியாளரும் அப்படிச் சொல்லக்கூடும். பத்து நாளில் வலு எங்கும் போய்விடாது.

முடித்த பிறகு ஒரு வாரம் ஜிம் பக்கம் போகாதீர்கள், மெல்லிய நடை மட்டும். இரண்டாவது வாரம் பாதி எடையில் தொடங்கி, படி இறங்கும்போது தொடை முற்றிலும் வலிக்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மூன்றாவது வாரத்தில் 50 கிலோவுக்கு வாருங்கள். மார்கழி பிறக்கும்போது பழையபடி மூன்று அல்லது நான்கு நாளாக்கலாம். அடுத்த எலும்பு அடர்த்திப் பரிசோதனை எப்போது என்று எழுதவில்லையே; கடைசியாக எடுத்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தால், நவம்பருக்குக் காத்திருக்காமல் இந்த மாதமே எடுத்துவிட்டு முடிவை எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்து மேற்சொன்னதில் எதையாவது மாற்ற வேண்டியிருக்கலாம்.